இனிஷியலைக் கடத்த முடியாது

அன்பும் கோபமும் சரிபாதியாக அப்பாவுக்கு,

சிறையிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. புதுப் பள்ளியில் உங்கள் இனிஷியலை எடுத்துவிட்டு அம்மாவுடையதைப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். முடியாது.

வேலை போகப்போகிற ஆத்திரத்தில் உங்கள் கம்பெனியின் சரக்கு விமானத்தையே கடத்தப் போய், துணை விமானியின் மண்டையை உடைத்து, கடைசியில் அவர் கையிலேயே மாட்டிக்கொண்டீர்கள். ஊருக்கே தெரியும். எதிர்வீட்டு அத்தை மட்டும், "உங்கப்பா சரக்கு கடத்தினாராமே, எத்தனை பாட்டில்டி?" என்றாள்.

"பாட்டில் இல்ல அத்தை, ஃப்ளைட்டு!"

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். பிறகு குளியலறையில் வெகுநேரம் குழாய் ஓடியது.

அந்தத் துணை விமானியின் தலையில் போட்ட தையலைப் பற்றி மட்டும் எனக்கு ஜோக் வரவில்லை. அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நேற்று பள்ளி கிளார்க், "இனிஷியலுக்கு முழுப்பெயர் என்னம்மா?" என்றார். சொன்னேன். பேனா நின்றது.

"அவரேதான் சார். நான் அவர் பொண்ணேதான். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்.

உங்களால் ஒரு விமானத்தையே கடத்த முடியவில்லை. என் இனிஷியலையா கடத்தப்போகிறீர்கள்? அங்கே நாளைக் கடத்துங்கள், போதும். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறேன். வராதே என்றாலும் வருவேன்.

உங்கள் எழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு,
வாலு