வெள்ளை அடித்த சவுக்குகள்

12 ஆவணி, செவ்வாய்.

பேசாலைக் கடற்கரையில் பிரதேச சபையின் சவுக்குத் தோட்டத்துக்கு நான்தான் காவல்காரன். விற்ற மரங்களை வெட்ட இன்று ஆட்கள் வந்தார்கள். மணலைத் தடுக்கும் கரையோர வரிசையைத் தொடக்கூடாது என்று நேற்றே அதற்கு மட்டும் வெள்ளை அடித்திருந்தேன். வெட்டும் மரங்களைவிட விடவேண்டிய மரங்கள்தான் குறைவு, சுண்ணாம்பு மிச்சம். அப்படியொரு மூளை எனக்கு! மத்தியானம் சோறு தின்று கண்ணயர்ந்து எழும்பினால், அந்த வரிசை முழுவதும் நிலத்தில் கிடக்கிறது.

"வெள்ளை அடிச்சா வெட்டுற மரம்தானே அண்ணை! எங்கயும் அப்பிடித்தானே!" என்றார் மரங்களை வாங்கிய கொந்தராத்துக்காரர்.

நாளை சபைத் தலைவர் பார்க்க வருகிறார். வேலை போகும். பொலிசும் வரலாம்.

"அவர் கேட்க முதல் நீங்களே சொல்லிப்போடுங்கோ அப்பா," என்றாள் மகள்.

ஓம், சொல்லத்தான் வேண்டும். சொல்லிப் பழகிப் பார்க்கிறேன். "ஐயா" என்பதற்குமேல் வாய் வரவில்லை.