வாவியின் மறுகரையில் லெப்பை

யூன் 6, திங்கள், 1881. கண்டி.
காலை முழுதும் தூறல்; மாலையில் வெளிச்சம். காசிம் லெப்பை மீதான என் முறைப்பாடுகள்:

1. மே 30: மாலை நடைக்கு வரவில்லை. சொல்லியனுப்பவும் இல்லை.
2. யூன் 2: வாவிக்கரையில் எதிர்ப்பட்டார். தலையசைப்பு மட்டும்.
3. யூன் 4: அவருடைய கோப்பிக் கிட்டங்கியில் "முதலாளி இல்லை" என்றார்கள். உள்ளே அவருடைய தும்மல்.
4. இன்று: புடவைக்கடைச் சுப்பையாவோடு வாவியைச் சுற்றுகிறார். எதிர்த் திசையில்.

பதினான்கு வருஷம் மாலைதோறும் ஒன்றாக நடந்தோம். நீதிமன்றத்தில் நாள் முழுதும் பிறர் பேச்சை மொழிபெயர்க்கும் எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தப் பேச்சு. அதற்கேற்ற துணை அவர். வாய் திறவாத மனிதர்.

யூன் 7, செவ்வாய்.
மழையில்லை. பல்வலி. கிராம்புத் தைலம் வாங்க வேண்டும்.

மாலை வழக்கம்போலக் குடையை ஊன்றித் தனியே நடை. நீருக்கு அப்பால் அவ்விருவரும். லெப்பை பேசிக்கொண்டிருந்தார். கையை வீசி, இடையில் நின்று, யாரையோ போல நடந்துகாட்டி. குடை ஊன்றும் நடை. சுப்பையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தில் சாய்ந்தான். தண்ணீரைக் கடந்து ஒரு சிரிப்பு வந்தது; லெப்பையின் சிரிப்பு. அதை நான் முன்பு கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

யூன் 8, புதன்.
சுப்பையாவின் கடை. வேட்டி வாங்குவதாகப் பாவனை.

"அய்யாவுக்குத் தெரியாதுங்களா? வர்ற திங்கக்கெழம காலிக்குப் போறாருங்க, மக வீட்டோட இருக்க. ஊருக்கே தெரியுமே." பிறகு, துணியை மடித்தபடி: "கத சொல்றதுல அவர அடிக்க ஆளில்லீங்க. கூடவே நடந்தவங்க, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

வேட்டி வாங்கவில்லை. வீட்டில் மனைவியிடம் விசாரணை.

"எனக்குச் சித்திரையிலையே தெரியும். 'லெப்பை வீட்டிலை' எண்டு தொடங்கினன். 'கலியாணமோ, நல்லது' எண்டு சொல்லிப்போட்டுச் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு நடைக்குப் போட்டியள்."

அப்படி நடந்ததா? நினைவில்லை. நினைவில்லாததுதான் அதிர்ச்சி.

யூன் 9, வியாழன்.
கிட்டங்கி. மூட்டைகள் இல்லை, சாக்கு வாசனை மட்டும். லெப்பை இம்முறை ஒளியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டார்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'சொல்ல' என்பது அவர் வாயில் எப்போதும் 'செல்ல'.

"செல்லத்தான் பாத்தேன், முதலியார். வத்தேகமப் பக்கம் கோப்பி எல மஞ்சளாகிக் கொட்டினதிலிருந்து..."

"வியாபாரம் படுத்துவிட்டது. தெரியும்."

"பாருங்க," என்றார், கோபமே இல்லாமல். "வியாபாரம் இல்ல நான் செல்ல வந்தது. போகவா நிக்கவா எண்டு உங்கள்ட்ட கேக்கத்தான் ரெண்டு மாசமா வந்தேன். நான் வாயத் தொறந்தா நீங்க முடிச்சிடுவீங்க. தீர்ப்புக் குடுத்த மாதிரி ஈக்கும். பேசாம ஊட்டுக்குப் போவேன்."

"அப்படியானால் நீர் பேசாத மனிதர் என்பது?"

"அத நீங்க தானே செல்லித் திரிஞ்சீங்க."

விடைபெறாமல் வெளியேறினேன்.

யூன் 10, வெள்ளி.
மீண்டும் மழை. பல்வலி குறைவு.

சாட்சிக்கூட்டில் ஹேவாஹெட்டத் தோட்டத்துக் கூலி ஒருவன். வழக்கம்போல அவன் பாதி பேசுமுன்பே மீதி எனக்குத் தெரிந்தது. இன்று நாக்கைக் கடித்துக் காத்திருந்தேன். நான் நினைத்ததையே சொன்னான். எரிச்சல். சென்னையில் பட்டம் பெற்று வந்த நாள் முதல் தினந்தோறும் தீட்டிய திறமை இது. மாலையில் கோட்டோடு கழன்றுவிடும் என்று நம்பியிருந்தேன். கோபம் தணியவில்லை, யார்மேல் என்பதில் மட்டும் இப்போது ஐயம்.

இரவுச் சாப்பாட்டில் மனைவி பேசியதைக் கடைசிவரை கேட்டேன். விஷயம்: தேங்காய். "என்ன, சுகமில்லையோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

லெப்பைக்கு நாளை காலை அனுப்புவது:

"நீர் ஒளிந்ததை நான் மன்னிக்கவில்லை. ஆயினும், கேட்க வந்தவரை நான் கேட்கவிடவில்லை என்பதும் மெய். போவதா நிற்பதா என்பது இன்னும் முடிவாகவில்லையானால், சொல்ல வந்த அனைத்தையும் முதலிலிருந்து எழுதும். நீளம் பொருட்டல்ல. நேரில் வரவேண்டாம், வந்தால் நடுவில் பேசிவிடுவேன். காகிதத்தில் என்னால் குறுக்கிட இயலாது. உமது வண்டி திங்கள் விடியற்காலை. ஆகையால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் பதில் வேண்டும்."