வண்டி நின்ற இடத்தில் ஓர் ஊர்

மாப்ள,

உன் உம்மா ஷார்ஜாவிலிருந்து நேற்று வந்து சேர்ந்தார்கள். எனக்கென்று கொண்டுவந்த பையில், பேரீச்சம்பழப் பெட்டிக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றிய உன் கம்ப்யூட்டர் மவுஸ் இருந்தது. உன் மகள் கொடுத்துவிட்டாளாம். இடதுபக்கப் பொத்தான் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கிறது. இந்த ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு எத்தனை ராஜ்ஜியங்களை உண்டாக்கினாய் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு உன்னை நினைத்து நான் சிரித்தது இதுதான் முதல் தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள்தான் நாம். ஆனாலும் நீ ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போன புதிதில் நம் பேச்சு எவ்வளவு சீக்கிரம் வற்றிப்போனது. சாப்பிட்டாயா, அங்கே மழையா. இந்த இரண்டு கேள்வியோடு போன் அமைதியாகிவிடும். அப்புறம் நீதான் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பிடித்துக் கொண்டுவந்தாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நீ அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாய். நான் ஆலங்குளத்தில் உரக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பஸ் பிடித்துத் தென்காசிக்கு வந்து இங்கே வீட்டில் உட்காருவேன். போனில் பேசிக்கொண்டே ஆடுவோம். திரையில் பெரிய உலகம், முக்கால்வாசி இருட்டாக இருக்கும். ஆளுக்கொரு வண்டி நிறையக் குடியேற வந்த சனங்கள். அவர்களை எங்கே இறக்கி முதல் நகரத்தை அமைக்கிறோம் என்பதில்தான் பாதி ஆட்டம். ஒருதரம் அமைத்துவிட்டால் பிறகு அதை நகர்த்த முடியாது.

எனக்கு இடம் பார்க்காமல் கொடி நட மனசு வராது. நெல் விதைத்த குடும்பத்தில் பிறந்தவன் புத்தி அது. ஆறு வேண்டும், முதுகுக்கு மலை வேண்டும், மண் கருப்பாக இருக்க வேண்டும். சிற்றாறு மாதிரி ஓர் ஆறு, குற்றாலம் மாதிரி ஒரு மலை என்று தேடி வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பேன். நீ முதல் முறையிலேயே, வண்டி நின்ற இடத்திலேயே நகரம் அமைத்துவிட்டு என்னைக் கேலி செய்வாய். "இன்னும் எங்கனலே சுத்துத? ஒன் சனமெல்லாம் வண்டிலயே கெழடாயிரும்."

ஒருமுறை நான் கேட்டதெல்லாம் இருக்கிற இடம் கிடைத்தது. இரண்டு ஆறு கூடுகிற முனை, பின்னால் மலைத்தொடர். வண்டியை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் கம்ப்யூட்டர் ராஜா ஒருவன் வந்து தன் கோட்டையைக் கட்டிவிட்டான். நீ சிரித்த சிரிப்பில் உன் மகள் ஓடிவந்து வாப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். தண்ணீர் இல்லாத இடத்தில் நீ அமைத்த நகரங்களோ எப்படியோ பிழைத்துக்கொள்ளும். கிணறு வெட்டுவாய், பாதை போடுவாய், வணிகர்களை வரவழைப்பாய். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஓர் ஆட்டத்தை மட்டும் நான் மறக்கவில்லை. கடல் தாண்டி ஒரு பாலைவனக் கரையில் நீ நகரம் அமைத்திருந்தாய். எதிரியின் கப்பல்கள் அதை நெருங்கின. அந்த ஊரால் ஒரு பிரயோசனமும் இல்லை, விட்டுவிட்டுப் படையைத் தலைநகரத்துக்குத் திருப்பு என்றேன். நீ திருப்பவில்லை.

"அங்கன பொறந்த புள்ளைக்கு அதான்ல ஊரு," என்றாய்.

அப்புறம் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே உன் மகளைப் பற்றிச் சொன்னாய். லீவுக்குத் தென்காசிக்கு வந்தால், அருவியில் குளித்து பரோட்டா சாப்பிட்டு முடித்ததும், எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்கிறாளாம். முதலில் உனக்கு அது சுருக்கென்று இருந்ததாம். இப்போது இல்லை என்றாய். பிறகு, அதே குரலில், "நா செத்தாலும் இங்கனயே கெடக்கேன் மாப்ள. அவ நெனச்சா வந்து பாத்துக்கிடலாம்லா," என்றாய். நான் அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் கப்பலைப் பார் என்றேன். நீ அந்த ஊரைக் காப்பாற்றிவிட்டாய்.

அதற்கு அடுத்த வருஷம், இங்கே குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்த சமயத்தில், அங்கே வேலைக்குக் கிளம்பிய நீ மாடிப்படியிலேயே சரிந்துவிட்டாய். இதயம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே உன் பெரியவாப்பா மையத்தை, உன் உடலை, ஊருக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்யத் தொடங்கியிருந்தார். உன் வாப்பா அடங்கியிருக்கும் கபருக்குப் பக்கத்தில் இடமும் பார்த்தாயிற்று. அப்போதுதான் உன் மனைவி எனக்குப் போன் செய்தாள். அவளுக்கு அழக்கூட நேரமில்லை. எங்கே அடக்கம் செய்வது என்று அன்றைக்கே முடிவு செய்ய வேண்டியிருந்தது. "அண்ணே, இதப் பத்தி அவுக ஒங்ககிட்ட ஏதும் சொல்லிருக்காகளா?" என்று மட்டும் கேட்டாள்.

உன் வீட்டுக்குப் போனேன். கூடம் நிறைய ஆட்கள். அந்தக் கூட்டத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எப்படிப் பேசுவது? உம்மாவின் அருகில் தரையில் உட்கார்ந்து, நீ சொன்னதை மட்டும் சொன்னேன். எப்போது சொன்னான் என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். உன் பெரியவாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளையாட்டுக்குச் சொன்னானாலே, நெசமாச் சொன்னானா?"

"வெளையாடும்போதுதான் சொன்னான் உம்மா. ஆனா வெளையாட்டுக்குச் சொல்லல."

உம்மா போனைக் கேட்டு வாங்கினார்கள். மருமகளிடம், அங்கேயே அடக்கம் செய்யுங்கள், பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று சொன்னார்கள். அப்புறம்தான் அழுதார்கள்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கல் கிடந்தது மாப்ள. உன் பெரியவாப்பா கடைசிவரை என்னோடு பேசவில்லை. விளையாட்டுக் கிறுக்கன் பேச்சைக் கேட்டுப் பெற்றவளுக்குப் பிள்ளை முகத்தைக் காட்டாமல் செய்துவிட்டோம் என்று அவர் சொன்னதாகக் காதுக்கு வந்தது. அதில் தப்பு என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். பெருநாளன்று உங்கள் தெரு ஆண்களெல்லாம் தொழுகை முடிந்து மையவாடிக்குப் போய்க் கபர்களைப் பார்த்து வருவார்கள். உம்மாவுக்கென்று அங்கே இருப்பது உன் வாப்பாவின் கபர் மட்டும்தான். நான் கம்ப்யூட்டரைத் துணிபோட்டு மூடிவைத்தேன். உங்கள் தெருவைத் தவிர்க்கக் குத்துக்கல்வலசை வழியாகச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன்.

இந்த வருஷம் உன் மனைவி விசா எடுத்து உம்மாவை அழைத்துக்கொண்டாள். அவர்கள் விமானம் ஏறிய நாளிலிருந்து எனக்குத்தான் பயம். அந்த மண்ணைப் பார்த்துவிட்டு வந்து என்னைப் பார்த்து, இங்கேயா என் பிள்ளையைப் போடச் சொன்னாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

நேற்று கூப்பிட்டு அனுப்பினார்கள். போனேன். டீ கொடுத்தார்கள். விமானத்தில் கொடுத்த சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்பதில் தொடங்கி, லிப்டில் ஏறப் பயந்தது வரை எல்லாம் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் உன்னிடம் வந்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன் மகள் அவர்களை மையவாடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால் இருவரும் கேட் அருகிலேயே நின்றுகொள்வார்கள். அவள் கம்பி வழியாகக் கையை நீட்டி, அந்த வேப்பமரத்துக்கு நேராக, மூன்றாவதாக என்று காட்டுவாளாம். ஸலாம் சொல்லிவிட்டு, அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் உன்னிடம் சத்தமாகச் சொல்வாளாம். வாத்தியாரைத் திட்டுவதுகூட உண்டாம்.

"வாரம் தவறாமப் போறாலே அவ," என்றார்கள் உம்மா. "இங்கன கொண்டாந்திருந்தா நா ஒருத்திதான அழுதுக்கிட்டு இருந்திருப்பேன். அந்தப் புள்ளைக்கு அங்கன யாரு இருக்கா? அல்லா ஒன் வாயில அதச் சொல்ல வச்சான்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். உம்மா என் தலையில் கை வைத்தார்கள். வெளியே வந்து வண்டியை எடுத்தவன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே குற்றாலத்துக்குப் போனேன். ஐந்தருவியில் தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. மாற்றுத்துணிகூட இல்லாமல் போய் நின்றேன். தோளில் விழுந்த தண்ணீர் கனமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே கிடந்த கல்லைக் காணோம். ஈரச்சட்டையோடு திரும்பி வந்த என்னைப் பார்த்து என் வீட்டுக்காரி திட்டினாள். அதுவும் நன்றாக இருந்தது.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். யாரும் பெரிய விஷயத்தைப் பெரிய விஷயம்போலச் சொல்வதில்லை. கை வேறெதையோ செய்துகொண்டிருக்கும்போதுதான் வாயிலிருந்து அது விழுகிறது. அன்று உன் பேச்சு என் காதில் தங்கியது அதிர்ஷ்டம். இப்போதெல்லாம் நான் அதிர்ஷ்டத்தை நம்பிக்கொண்டிருப்பதில்லை.

இன்று காலை என் வீட்டுக்காரி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, புது வீடு கட்ட வேண்டாம், இந்த வீடே போதும் என்றாள். குனிந்த தலை நிமிரவில்லை. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். அடுப்பில் உலை கொதித்துப் பொங்கி வழிந்தது. இருவருமே எழுந்திருக்கவில்லை.