கவிழ்த்து வைத்த சிரட்டை

மைனி,

இன்று காலை சந்தையடியில் புதிதாகத் திறந்த சாயாக்கடையில் கண்ணாடி டம்ளரில் சாயா தந்தார்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே தந்தார். அதனால்தான் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன். "எம்மா, குடிப்பியளா, மோப்பம் பிடிப்பியளா?" என்றார். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் மூக்கை மட்டும் என்னிடம் விட்டுவிட்டீர்கள்.

எதைத்தான் நம்பினீர்கள்! கோதையாறு தெளிந்து ஓடினாலும், மேலே என்ன நடக்கிறதோ என்று நின்று பார்ப்பீர்கள். கல்யாணத்தன்றே என் அண்ணன் வாயை மோந்து பார்த்தவராயிற்றே.

ரப்பர் தோட்டத்தில் நாம் பால் வெட்டிய காலம். துரையின் பிறந்தநாளுக்கு நம்மையும் பங்களா முற்றத்துக்கு அழைத்தார்கள். அதுவரை அந்த வேலியை நாம் தாண்டியதில்லை. நான் எண்ணெய் தேய்த்துத் தலைவாரிக் குதித்துக்கொண்டு வந்தேன். "இவன் எதுக்குட்டி இப்ப நம்மள கூப்பிடுகான்?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தீர்கள்.

வெள்ளைக்காரர்களுக்குப் பீங்கான் கோப்பை, நமக்குத் தேங்காய்ச் சிரட்டை. நீங்கள் மோந்தீர்கள். "ஏட்டி, குடிச்சிராத. இது மரத்துல கெட்டுன சிரட்டை. புளிச்ச பால் நாறுகு." ரப்பர் பால் வடிகிற சிரட்டையை அலசி நமக்குச் சாயா! தோட்டத்துக் கணக்கரிடம் கேட்டீர்கள். அவர் துரையிடம் கேட்டுவந்து, "கறுத்த வாய்க்கு இது போதுமாம்" என்றார், தலை குனிந்துகொண்டு.

எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. தோட்டம் தந்த லயத்து வீட்டைவிட்டு இறக்கினால் கைப்பிள்ளையோடு எங்கே போவேன்? நீங்களோ சாயாவை மண்ணில் ஊற்றிச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தீர்கள். மழை பெய்தால் மரத்துச் சிரட்டையைக் கவிழ்த்துவிடுவோம், அன்றைக்குப் பால்வெட்டு கிடையாது. அது துரைக்கும் தெரியும். பக்கத்தில் இருந்தவரும் கவிழ்த்தார். நானும் கவிழ்த்தேன்.

மறுநாள் பளீரென்று வெயில். மலைச்சரிவு முழுக்க ஒரு சிரட்டைகூட நிமிர்ந்திருக்கவில்லை. கத்தி படாத மரங்களில் மைனாக்கள் கும்மாளமிட்டன. துரை குதிரையில் வந்து கத்தினார், லயத்தைப் பூட்டுவேன் என்றார். நாட்கள் போயின. நாம் காய்ச்சில் கிழங்கைத் தோண்டித் தின்று கிடந்தோம். கடைசியில் கணக்கர் எனாமல் கோப்பைகளோடு வந்தார். இனி எல்லாருக்கும் இதுதான் என்றார். எங்களுக்குக் கொண்டாட்டம். நீங்களோ, "மொதல்ல துரை இதுல குடிக்கட்டும்" என்றீர்கள். துரை வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். இறங்குகிறதா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள், மைனி! இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

"நம்ம கடையில எல்லாருக்கும் கண்ணாடி டம்ளர்தான்" என்றார் இன்றைய கடைக்காரர், மறுபடியும் சிரித்துக்கொண்டு. நான் எழுந்து கடையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். மலையிலிருந்து தேன் கொண்டுவந்த பழங்குடிக் காணிக்காரர் ஒருவர் வேலியோரம் குந்தியிருந்தார். அவர் கையில் சிரட்டையில் சாயா.

திரும்பி வந்து என் சாயாவைக் கொட்டினேன். டம்ளரைப் பலகையில் கவிழ்த்து வைத்தேன். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த ரப்பர் பால்வெட்டுக்காரிக்கு விளங்கிவிட்டது.