நாற்பதுக்குக் கேட்டரிங்

தை 11, செவ்வாய்

பனி. எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டும். மனைவி வள்ளிக்கு ஏழாம் மாதம், கால் வீக்கம்.

வெள்ளிக்கிழமை சேந்தமங்கலத்தில் கால்நடைக் காட்சி. கலெக்டர் துரை வருகிறார். அவர் முகாமிலிருந்து கடிதம், கையெழுத்து கோழி கிளறியது போல. எங்கள் தலைமைக் குமாஸ்தா சிரஸ்தார் (இனி சி. என்றே எழுதுகிறேன், யாராவது எடுத்துப் படித்தால்?) ராசிபுரம் போயிருப்பதால் நானே பிரித்தேன். 'நாற்பதுக்குக் கேட்டரிங் ஏற்பாடு செய்க.' இந்தச் சொல்லை நான் படித்ததில்லை. மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கேட்டில் என்றால் கால்நடை. ரிங் என்றால் வளையம். முகாம் குமாஸ்தா அவசரத்தில் நடு எழுத்தை விழுங்கிவிட்டான். ஆக, நாற்பது உருப்படிக்குப் பட்டி. மேச்சேரி ஆடுகள் வேறு வருகின்றன. சரியாகத்தான் இருக்கிறது.

யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால், இங்கிலீஷ் தெரியும் என்றுதானே உன்னை எடுத்தோம் என்பார்கள். நான் ஆக்டிங் குமாஸ்தா. நிரந்தரமா, வீட்டுக்கா என்று மாதக் கடைசிக்குள் சி. எழுத வேண்டும். இந்த நேரத்தில் எதையும் கேட்கக் கூடாது.

சேந்தமங்கலம் மணியகாரருக்கு உத்தரவு போட்டேன்:
மூங்கில் பட்டி, நாற்பதுக்கு.
தண்ணீர்த் தொட்டி 2.
தீவனத்துக்குச் சோளத்தட்டு, வேண்டிய மட்டும்.
இடம் நிழலாக இருக்க வேண்டும்.

தை 12, புதன்

இன்னொரு கடிதம். டைப் அடித்தது. அதே சொல், எழுத்து எதுவும் விழுங்கப்படவில்லை. 'நாற்பதில் ஆறு பேர் சைவம்.'

ஆட்டில் ஏது அசைவம். இரண்டு தடவை கொல்லைப் பக்கம் போய் வந்தேன்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாத்தியாரிடம் அகராதி கேட்டேன். மைத்துனன் பரீட்சைக்கு என்று பொய். அவர் எதிரே நிற்கும்போதே புரட்டினேன். கேட்டர்: விருந்து முதலியவற்றுக்கு உணவு ஏற்பாடு செய்தல். சமைப்பவன் வேறு, இவன் வேறு, இவன் ஏற்பாடு செய்பவன். இன்னொரு பொருள், ஒருவர் மனம் கோணாமல் அவர் விருப்பத்துக்கு ஏற்றபடி நடத்தல். மாட்டுக்கும் வளையத்துக்கும் பேச்சே இல்லை.

"மூஞ்சி ஏன் வெளுத்துப் போச்சு?" வாத்தியார்.

"பனி ஒத்துக்கலைங்க."

நாற்பது பெரிய மனிதர்களுக்குச் சோளத்தட்டு போடச் சொல்லி, என் கையெழுத்தோடு உத்தரவு. பயம். வேறு என்ன எழுதுவது.

தை 13, வியாழன்

விடியும் முன் நாமக்கல்லிலிருந்து கிளம்பினேன். ஏழு மைல். வழியில் சங்கிலி இரண்டு முறை கழன்றது.

புளியந்தோப்பில் பட்டி தயார். மூங்கில் பச்சை வாசனை. மணியகாரர், ஐம்பது வயது, முண்டாசு, அதிகம் பேசாதவர். "வாங்க சாமி. நாப்பதுக்குப் போட்டாச்சுங்க. தட்டு ஒரு வண்டி வந்திருச்சு. போதுங்களா?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நாப்பது பேருக்குங்களா? நாளைக்கேங்களா?"

முண்டாசை அவிழ்த்து முகம் துடைத்தார். "ஆவட்டுங்க. கிடாய்க்குப் பஞ்சமில்லை. அந்த ஆறு பேருக்குத்தான் தனியா ஆளு வரோணும். நாமக்கல்லுல இருந்து ஒரு சமையல் ஐயரைத் தாட்டி உடுங்க."

ஊர் திரும்பிச் சமையல்காரரைப் பேசி முடித்தேன். காலை எட்டுக்கு வருவதாகச் சத்தியம். நான் போட்ட உத்தரவு எங்கே என்று கிளம்பும் முன் மணியகாரரிடம் கேட்க நினைத்தேன். கேட்காமலே சைக்கிளில் ஏறிவிட்டேன்.

தை 14, வெள்ளி

எட்டுக்கு வர வேண்டிய சமையல்காரர் பதினொன்றரைக்கு வந்தார். பன்னிரண்டரைக்குப் போட வேண்டிய இலை இரண்டேகாலுக்கு. சைவம் தயாராகாமல் எல்லாரையும் உட்கார வைக்க முடியாது என்று சி. சொல்லிவிட்டார். துரை கடிகாரத்தைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார், மறுபடி கடிகாரம். இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

சி.யின் முகம் செங்கல் போல. மணியகாரரைக் கூப்பிட்டார். "ஏன்யா, சாப்பாட்டுக்கு உத்தரவு செவ்வாய்க்கிழமையே வரலையா உனக்கு? நேத்துத்தான் சமையலுக்கு ஆள் தேடினியாமே?"

நான் பக்கத்தில்தான் நின்றேன், கையில் தண்ணீர்ச் செம்பு.

மணியகாரர் என்னைப் பார்க்கவில்லை. "வந்துச்சுங்க சாமி. நாந்தான் மறந்துட்டேனுங்க."

கூட்டம் கலைந்ததும் பட்டிக்குப் பின்னால் போய்க் கேட்டேன், ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று.

"ஊட்ல அம்மிணி மாசமா இருக்குதுன்னு கேள்விங்க. எனக்குக் காடு கெடக்குது, உழுது தின்னுக்குவேன். நீங்க போங்க."

காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. நிம்மதியாக இருந்தது. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

தை 16, ஞாயிறு

வெயில் கொஞ்சம் ஏறிவிட்டது. சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, சோத்தைப் பொசஞ்சுக்கிட்டே இருக்கறீங்க?" வள்ளி. விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவருக்கு ஒண்ணும் ஆவாதில்லீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகாது என்றேன். எனக்கு என்ன தெரியும்.

தை 17, திங்கள்

ஆபீஸ். சி. கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், இதுவரை சொன்னதில்லை.

"உன்னை நிரந்தரம் பண்ணி எழுதியாச்சு. தாசில்தார் கையெழுத்துதான் பாக்கி. இப்ப அந்த மணியகாரனுக்கு ஒரு மெமோ எழுது. கேட்டரிங் ஏற்பாட்டில் உத்தரவை மதிக்கலை, வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாதுன்னு. நல்ல இங்கிலீஷா இருக்கணும், கலெக்டருக்கு நகல் போகுது."

என் மேசை. பேனா முள்ளை மூன்று தரம் துடைத்தேன். மூன்று தாள் வீண். மணியகாரருக்கு நான்கு பிள்ளைகள் என்று யாரோ சொன்னது. அப்பன், பாட்டன் பார்த்த வேலை. வள்ளியின் வீங்கின கால். மறுபடியும் மணியகாரர்.

நாலாவது தாளில் எழுதி முடித்தேன். கேட்டரிங் என்ற சொல்லை எழுத்துப் பிசகாமல் எழுதினேன். மணியகாரர் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயரை எழுதினேன்.

சி. சாப்பிடப் போயிருக்கிறார். தாளை அவர் மேசையில் வைத்து மேலே மைக்கூட்டைப் பாரம் வைத்துவிட்டு வந்தேன். இப்போதுகூட எழுந்து போய் எடுத்துவிடலாம், பத்து அடிதான். அங்கேயும் போகவில்லை, வெளியேயும் ஓடவில்லை, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வராந்தாவில் செருப்புச் சத்தம்.