முதலை இல்லை என்று நீ சொன்னது

அன்பு ரோஸலின்,

நீ சொன்னதுதான் சரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நம் பள்ளிக்கூட ஹாலில் கல்லாகிப்போன ஒரு மண்டையோடு இருக்கிறதே, கோதாவரிப் பக்கம் சுரங்க வேலைக்குப் போன விராலிமலைக்காரர் கொண்டுவந்தது. நீண்ட மூஞ்சி, வரிசையாகப் பல். ஹெட்மாஸ்டர் 'ஆதிகால முதலை' என்று அட்டை எழுதி வைத்தார். சயின்ஸ் டீச்சரான உன்னைத் தவிர யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று எல்லோர் முன்னாலும் நீ சொன்னாய்: "இது முதலை இல்லைங்க சார். முதலைக்கு மூக்கு ஓட்டை மூஞ்சி நுனியில இருக்கும். இதுக்குக் கண்ணுக்குப் பக்கத்துல இருக்கு, பாருங்க."

"டீச்சரம்மா மீன் ஆஞ்ச அனுபவத்துல சொல்றாங்க" என்றார் ஹெட்மாஸ்டர். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பள்ளிக்கூடக் கிளார்க்கான நான் ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். வேலை போய்விடுமோ என்ற பயம். வீட்டில் நீ கேட்டது ஒன்றே ஒன்று: "ஒங்களுக்காச்சும் அந்த ஓட்டை தெரிஞ்சுச்சா?"

தெரிந்தது ரோஸ். ஏன் அப்போதே சொல்லவில்லை?

டைபாய்டு உன்னைக் கொண்டுபோன பிறகுதான் உன் நோட்டைத் திறந்தேன். மண்டையோட்டை அளந்து அளந்து வரைந்திருந்தாய். படத்தையும் 'முதலை இல்லை' என்ற உன் குறிப்பையும் பிரதி எடுத்து, உன் பெயரைப் போட்டு, இந்த மாதிரி எலும்புகளை ஆராய்கிற கல்கத்தாக்காரர்களுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. போன வாரம் அங்கிருந்து ஆளே வந்துவிட்டார், அவர்களிடம் வேலை பார்க்கிற ஒரு தஞ்சாவூர்க்காரர்.

லென்ஸ் வைத்து அரைமணி நேரம் பார்த்தார். "படம் போட்டவங்க எங்கங்க?"

"என் சம்சாரங்க. இப்ப இல்லைங்க."

லென்ஸை மடித்துப் பையில் வைத்தார். "அவங்க சொன்னது சரி. இது முதலைக்குத் தூரத்துச் சொந்தம். முதலை இல்லை."

"அப்ப முதலைக்கு முப்பாட்டனா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அதுவும் இல்லைங்க. தனிக் கிளை. எங்க பிரிஞ்சுச்சுன்னு எங்களுக்குள்ளயே இன்னும் சண்டை ஓயல."

நீயும் நோட்டில் 'முதலையின் மூதாதையோ?' என்று எழுதியிருந்தாய். நல்லவேளை, கேள்விக்குறி போட்டிருந்தாய்.

ஹெட்மாஸ்டர் வேறு அட்டை எழுதச் சொன்னார். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது: "அட்டையில ரோஸலின் டீச்சர் பேரும் வரணுங்க சார். வராம நான் எழுத மாட்டேன்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதுங்க சேவியர்."

எழுதிவிட்டேன். 'முதலை அன்று, அதன் தூரத்து உறவு. கண்டு சொன்னவர்: ஆசிரியை ரோஸலின்.' பெண்பிள்ளைகள் தள்ளுமுள்ளாக நின்று வாசிக்கிறார்கள்.

சண்டை தீர்ந்தால் எழுதுவதாகத் தஞ்சாவூர்க்காரர் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதம் வருகிற அன்றே ஆவூர்க் கல்லறைக்கு வந்து உனக்குப் படித்துக் காட்டுவேன். எத்தனை வருஷம் ஆனாலும் வருவேன்.

உன் வீட்டுக்காரன்,
சேவியர்