முயல் காது இல்லாத தூக்கப் பை

புதுத் துணிக்கு ஒரு வாசனை உண்டு. பஞ்சும் சாயமும் இஸ்திரிச் சூடும் கலந்த வாசனை. போன வாரம் பெங்களூர் ஜெயநகரில் குழந்தைகள் சாமான் விற்கும் கடை ஒன்றில் நுழைந்தபோது அது முகத்தில் வந்து மோதியது. வாசலிலேயே நின்றுவிட்டேன். பொம்மசந்திராவில் நம் தையல் ஆலையின் சாம்பிள் ரூமில், காலையில் முதல் துணிக்கட்டைப் பிரிக்கும்போது எழுமே, அதே வாசனை. பக்கத்தில் திரும்பி உன்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பிறகுதான் நீ இல்லை என்பது நினைவு வந்தது.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பையன் பிறந்திருக்கிறான். இனி எங்கே என்று நானும் அவரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்ட பிறகு வந்தவன். நாலு மாதம் முடிந்துவிட்டது. போர்வை போர்த்தினால் அவனிடம் நிற்பதில்லை. இரண்டு காலாலும் உதைத்துத் தள்ளுகிறான். ஒரு மத்தியானம் எட்டிப் பார்த்தால், உதைத்த போர்வை மேலே சுருண்டு அவன் வாய்க்குக் கிட்டே வந்து கிடந்தது. அன்றோடு அவன் படுக்கையில் போர்வை கிடையாது. ஆனால் இந்த மார்கழிக் குளிரில் வெறும் சட்டையோடு எப்படி விடுவது? சேலத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் மாமியார், கம்பளித் தொப்பி போட்டுச் சால்வையால் இறுக்கிச் சுற்றச் சொன்னார். தூங்கும் பிள்ளைக்குத் தொப்பி வேண்டாம் அத்தை, சூடு ஏறிவிடும், முகத்தில் இறங்கிவிடும் என்று சொல்லிவிட்டுத் தூக்கப் பை வாங்கக் கிளம்பினேன். அவருக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. பிள்ளையைப் பைக்குள் போடுவதா என்றார். கை இரண்டும் வெளியே இருக்கும், கழுத்துக்குக் கீழே மட்டும் மூடும், உதைத்தாலும் நழுவாது, போர்வையைச் சட்டை மாதிரி போட்டுக்கொள்வதுதான் என்று விளக்கியும் அவர் முகம் தெளியவில்லை.

கடைப் பெண் முதலில் எடுத்துக் காட்டியது, கரடி முகம் வைத்த தொப்பியோடு கொழுகொழுவென்று இருந்தது. “இது தும்பா க்யூட் மேடம், ரொம்ப க்யூட், சீக்கிரம் காலியாயிடும்” என்றாள். ஓரமாக வைத்தேன். அடுத்ததன் கழுத்தில் என் முழங்கையே நுழைந்தது. இன்னொன்றில் கழுத்தோரம் நாடா தொங்கியது. கீழ்த்தட்டில் வெளிர் பச்சையில், அலங்காரம் எதுவும் இல்லாமல் ஒன்று மடிந்து கிடந்தது. எடுத்து விரித்தேன். தோளிலிருந்து கழுத்துக்கு ஏறும் அந்த வளைவைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. லேபிளைத் திருப்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. இருந்தாலும் பார்த்தேன். நாம் தைத்துக் கொடுத்தோமே, அந்த அம்மாளின் பிராண்டுதான். நீ வரைந்த கழுத்தை ஒரு நூல்கூட மாற்றாமல் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உனக்கு ஞாபகம் இருக்கும், அது பிறந்த கதை. நீ பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருந்தாய். நீ பேட்டர்ன் போடுகிறவள். எந்தத் துண்டை எப்படி வெட்ட வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து கொடுப்பவள். நான் வாடிக்கையாளருக்கும் சாம்பிள் ரூமுக்கும் நடுவே ஓடுகிற மெர்ச்சண்டைசர். நீ கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து ஆனேக்கல்லில் குடியிருந்தாய். நான் பெங்களூர் ஒக்கலிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். என் தமிழைக் கேட்டு நீ சிரிப்பாய், உன் கன்னடத்தைக் கேட்டு நான் சிரிப்பேன்.

வெளிநாட்டு ஆர்டர்கள் வற்றியிருந்த காலம் அது. பாதி மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. அப்போதுதான் பெங்களூரிலேயே புதிதாகக் குழந்தைத் துணி பிராண்ட் தொடங்கிய ஓர் அம்மாள் தூக்கப் பை கேட்டு வந்தார். நீ வரைந்து தைத்துக் காட்டியது, முயல் காது வைத்த தொப்பியோடு ஒட்டிப் பிறந்த ஒரு பை. அழகென்றால் அப்படி ஓர் அழகு. பேக்கிங்கில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். மேனேஜர் அதைத் தன் அறைச் சுவரில் மாட்டினார். அந்த அம்மாள் பார்த்தவுடனே ஓகே சொல்லிவிட்டார். கடைகளும் காதைப் பார்த்தே கேட்டன. இந்த ஆர்டர் முடிந்தால் உன்னைப் பேட்டர்ன் பிரிவுக்குத் தலைவியாக்குவதாகப் பேச்சும் இருந்தது.

கட்டிங் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, உன் மகளுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசையாய் ஒரு சாம்பிளை வீட்டுக்கு எடுத்துப் போனாய். அடுத்த திங்கட்கிழமை கேண்டீனில் நீ டீயைத் தொடவே இல்லை. மெதுவாகத்தான் சொன்னாய்.

“மத்தியானம் அவளுக்குப் போட்டுப் படுக்க வெச்சேன். குக்கர வெச்சுட்டுத் திரும்பிப் பாக்குறேன், மூக்கக் காணோம்டி. ரெண்டு காது மட்டும் நேரா நிக்குது.”

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கியவுடன் சிரித்திருக்கிறாள். தொப்பி அழகாக விழ வேண்டும் என்று நீ கழுத்தைக் கொஞ்சம் அகலம் விட்டிருந்தாய். உதைக்க உதைக்க அவள் உள்ளே சறுக்க, தொப்பி முன்னால் வந்து முகத்தை மூடியிருந்தது.

மேனேஜரிடம் போய்க் கட்டிங்கை நிறுத்தச் சொன்னாய். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மெஷின்கள் ஓடியாக வேண்டுமே. வாடிக்கையாளர் ஓகே சொன்னது, நீயே போட்ட டிசைன், வெளியில் எல்லோரும் இப்படித்தான் விற்கிறார்கள், எச்சரிக்கை லேபிள் ஒன்று தைத்துவிடலாம் என்றார். லேபிளைக் குழந்தை படிக்காது சார் என்றாய். அந்த அம்மாளை வரச் சொல்லுங்கள், நானே பேசுகிறேன் என்றாய். வராந்தாவில் உன்னைப் பிடித்து நிறுத்தினேன். நான் பக்குவமாக ஒரு மெயில் போடுகிறேன், உன் பெயர் வேண்டாம், வேலைக்கே ஆபத்தாகிவிடும் என்று கெஞ்சினேன். இது மெயிலில் சொல்கிற விஷயம் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய்.

அன்று மத்தியானமே அந்த அம்மாள் வந்தார். மீட்டிங் ரூமில் மேஜைக்கு அந்தப் பக்கம் அவரும் மேனேஜரும், இந்தப் பக்கம் நீயும் நானும். நடுவில் அந்த முயல். “இது நான் போட்ட டிசைன் மேடம். தப்பும் என்னுதுதான்” என்று ஆரம்பித்தாய். நடந்ததை நடந்தபடி சொன்னாய். குரல் உயரவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. மேனேஜர் குறுக்கிட்டு, ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றார். வேண்டுமானால் உன் குழந்தையைக் கொண்டு வரச் சொல்லி எல்லோரும் பார்க்கும்படி இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமே என்றும் சொன்னார். அந்த அம்மாளும் உன்னைப் பார்த்தார்.

“திரும்ப என் கொழந்தைய அதுக்குள்ள வெக்க மாட்டேன் மேடம்” என்றாய். “வேற யார் கொழந்தையையும் வெக்கக் கூடாதுன்னுதான் ஒங்கள வரச் சொன்னேன்.”

அந்த அம்மாளுக்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தது நமக்குத் தெரியும். முயலின் ஒரு காதை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். அப்புறம் கன்னடத்தில், தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: “டோப்பி பேடா. கிவினூ பேடா.” தொப்பியும் வேண்டாம், காதும் வேண்டாம்.

சும்மா வந்துவிடவில்லை அது. காது இல்லையென்றதும் பல கடைகள் பின்வாங்கின, ஆர்டர் பாதியாகச் சுருங்கியது. தலைவிப் பதவி வேறொருவருக்குப் போனது. நீ மேஜையில் புதுக் காகிதத்தை விரித்துக் கழுத்தை முதலிலிருந்து வரைய ஆரம்பித்தாய்.

அந்த நாட்களில் உன் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். பட்டனைப் போட்டால் கழுத்தில் ஒரு விரல் நுழைய வேண்டும், தலை நுழையக் கூடாது. கைத்துளை அக்குளை விட்டு அகலக் கூடாது. ஜிப் தாடையில் உரசாமல் அதன் தலைக்கு ஒரு துணி மூடி. கீழ்ப்பக்கம் மட்டும் தாராளம், முட்டியை இரண்டு பக்கமும் விரித்து உதைக்கிற அளவுக்கு. நாடா, பூ, தொங்கட்டான் எதுவும் கிடையாது. துவைத்துத் துவைத்துக் கழுத்து இளகுகிறதா என்று அளந்தாய். நம் ஊர்க் குளிருக்கு மெல்லிய பஞ்சில் ஒன்று, வெயில் நாளுக்கு ஒற்றைத் துணியில் ஒன்று. அளவை வயதால் போடாமல் எடையால் போட வேண்டும் என்று என்னிடம் சண்டை பிடித்தாய். “வயசு போட்டா, வளர்ற புள்ளதானேன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்குவாங்கடி நம்ம ஜனங்க” என்றாய். கடையில் அந்த லேபிளில் கிலோக் கணக்கைப் பார்த்தபோது உன் குரலே காதில் கேட்டது.

புதுச் சாம்பிளையும் உன் மகளுக்குத்தான் போட்டாய். இந்த முறை அடுப்புப் பக்கமே போகாமல், அவள் தூங்கி எழும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாயாம். மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். “தாடைக்கு மேல ஒரு நூல் ஏறல” என்றாய். அடுத்த சீசனில் அந்த அம்மாள் பழையபடி பெரிய ஆர்டரோடு திரும்பி வந்தார். காது கேட்டு வரவில்லை. அந்தக் கழுத்து போட்டவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். துணி போர்த்திக் கிடந்த மெஷின்களைத் திறந்தோம்.

அதற்கப்புறம் நீ எங்களோடு இருந்தது கொஞ்ச காலம்தான். நோயைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதை நீயும் பெரிதாகப் பேசியவள் இல்லை.

பச்சைப் பையை வாங்கி வந்து துவைத்து உலர்த்தி, மத்தியானத் தூக்கத்துக்குப் போட்டேன். மல்லாக்கப் படுக்க வைத்தேன். மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், என்னை நம்பாமல். அவன் உதைத்தான், புரண்டு பார்த்தான், அசந்து தூங்கினான். கொஞ்ச நேரம் கழித்துப் பிடரிப் பக்கம் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தவர், “கதகதன்னு இருக்குது, வேர்க்கல” என்றார். சால்வையை அவரே மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் உன் மகளைக் கூட்டிக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வந்தார். வளர்ந்துவிட்டாள். ஆறாவது படிக்கிறாள். உன் நெற்றி, உன் நடை. என்னை இன்னும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். பையனை மடியில் வைத்துக்கொண்டு பையின் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தாள். இதை உங்கள் அம்மாதான் வரைந்தாள் என்றேன். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அவள் அப்பாவுக்கும் முழுதாகத் தெரியவில்லை. நீ வீட்டில் சொல்லியதே இல்லை போலிருக்கிறது. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமியாரும் வாசல்படியில் நின்று கேட்டார்.

முடித்ததும் அவள் கேட்டாள்: “அப்ப அந்தப் பாப்பா நானா சித்தி?”

ஆமாம் என்றேன். பையின் கழுத்துக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு, “எல்லாரும் பெரிய ஆளுங்க. அம்மா பயப்படவே இல்லியா?” என்றாள்.

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். “பயந்தாடா. மேஜைக்குக் கீழ அவ கை நடுங்குச்சு. நான்தான் புடிச்சுக்கிட்டிருந்தேன். ஆனா மேல ஒருத்தருக்கும் தெரியல.”

அவள் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் நீ பார்த்திருக்க வேண்டும் அவளை.

இப்போதும் நான் ஏதாவது ஓர் அறையில், எல்லோரும் சரி என்று சொல்லும் இடத்தில், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தால் என் உள்ளங்கை வேர்க்கும். உடனே உன் விரல்கள் அதற்குள் வந்து இறுக்கும், அன்று இறுக்கியதுபோலவே. நடுங்கிக்கொண்டேதான் இறுக்கும். நான் பேசத் தொடங்குவேன்.